கடைசி ஆள் சுவரைத் தொடும்வரை

பிரிண்டில் முனைக் கடல்நீர்க் குளத்தில் 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கிய நீச்சல் போட்டி 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் முடிந்தது. ஒரே ஒரு நீளப் போட்டிதான். வடக்குச் சுவரில் குதித்துத் தெற்குச் சுவரைத் தொட வேண்டும், அவ்வளவே. இடையில் யாரும் அதை ரத்து செய்யவில்லை, ஒத்திவைக்கவும் இல்லை. ஒரு ஆள் இன்னும் தண்ணீரில் இருந்தான், ஆகவே போட்டி நடந்துகொண்டிருந்தது. பரிசு, கசாப்புக்கடை ஷீஹன் தருவதாகச் சொன்ன ஓர் ஆட்டுத்தொடை.

சிட்னிக்குத் தெற்கே, நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலிலிருந்து எச்சில் துப்பினால் கடலில் விழும் என்று சொல்லப்படுகிற ஊர் அது. அந்தக் குளத்தை வெட்டியவர்களும் சுரங்கக்காரர்கள்தான். ஒரு வருடம் கம்பெனி கூலியைக் குறைத்தது, ஆட்கள் இறங்க மறுத்தார்கள், கம்பெனி வாசலைப் பூட்டியது. மாதக்கணக்கில் வேலையில்லை. கை அரிப்பு தாங்காமல் கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு போய் கடலோரப் பாறைத்தட்டை வெட்டத் தொடங்கினார்கள். சுறாமீனுக்குப் பயந்து வெட்டினோம் என்று பிறகு நகரசபையிடம் சொன்னார்கள். அதுவரை அங்கே சுறாமீனைப் பார்த்தவர் யாருமில்லை. வெட்டி முடித்த அன்று கடல் ஓதம் ஏறி வந்து, பள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டுப் போனது. சிவப்புக் கொடி ஏறினால் ஆண்கள் நேரம், வெள்ளைக் கொடி ஏறினால் பெண்கள் நேரம். வியாழக்கிழமைதோறும் ஓதம் வற்றும்போது கடல்பக்கத்து இரும்பு மதகைத் திறந்து குளத்தைக் காலியாக்கி, பாசியைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கடல் மறுபடியும் நிரப்பிவிடும்.

குளிர்காலத்தில் பெட்டிப்பாம்பாய் வீட்டுக்குள் கிடக்க வேண்டியவர்கள்தான் இந்த ஊரில் போட்டி நீச்சல் நீந்துவார்கள். அந்தப் பக்கத்தில் குளிர் தொடங்கும் மே மாதம் மீன்கடையிலிருந்து பனிக்கட்டிகளைத் தூக்கி வந்து குளத்தில் போட்டுப் பருவத்தைத் தொடங்குவார்கள். போட்டிக்கு ஒரு முறை உண்டு. மெதுவாக நீந்துகிறவனை முதலில் விட வேண்டும். அவனைவிடக் கொஞ்சம் வேகமானவன் அப்புறம். ஊரிலேயே வேகமானவன் கடைசியாகக் குதிப்பான். கணக்கு சரியாக இருந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் தெற்குச் சுவரைத் தொட வேண்டும். அந்தக் கணக்குக்காரர் ரீஸ், சுரங்கத்தில் விளக்குக் கொடுக்கும் அறையில் வேலை. ஒவ்வொருவர் மூச்சும் அவருக்குத் தெரியும். எல்லாக் கைகளும் ஒரே அறையாகச் சுவரில் விழும் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் ஆசை. விதிகள் இரண்டே இரண்டு. நீந்துகிறவனை யாராவது தொட்டால் அவன் ஆட்டத்தில் இல்லை. கடைசி ஆள் சுவரைத் தொடும்வரை போட்டி முடியாது.

எப்போதும் முதலில் விடப்படுகிறவன் ஐவர் பென்ரோஸ். முப்பத்தொரு வயது. நெஞ்சில் கரித்தூசி ஏறிவிட்டது, உப்புத் தண்ணீர் நல்லது என்று டாக்டர் சொன்னார் என்று நீந்த வந்தவன். நீச்சல் என்றால், தண்ணீரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போவது போல ஒரு நீச்சல். எப்போதும் முதலில் குதித்து எப்போதும் கடைசியில் வருவான். அவன் மனைவி யூனா வீட்டில் தையல் வேலை செய்பவள், வாயாடி, தன்னைத் தவிர வேறு யாரும் அவனைக் கேலி செய்தால் பொறுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிமார்கள் துண்டோடு தெற்குப் படிக்கட்டில் நிற்க அனுமதி உண்டு. அவளுடைய துண்டு நீலம். அவன் கரையேறியதும் முதலில் காதுக்குப் பின்னால் துடைப்பாள், பிறகுதான் தலை. அன்று அவள் ஐந்து மாத கர்ப்பம்.

"ஐவர், நீ கரை சேர்றதுக்குள்ள ஆட்டுத்தொடை நாறிப் போயிடும்டா" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான். ஐவர் சிரித்துக்கொண்டே குதித்தான். அன்றைக்கு என்ன நடந்ததோ தெரியாது, ரீஸின் கணக்குத் தவறியதோ, ஐவரின் நெஞ்சு ஒருநாள் மட்டும் திறந்துகொண்டதோ, குளத்தின் முக்கால் பங்கைத் தாண்டும்வரை யாரும் அவனைப் பிடிக்கவில்லை. யூனா துண்டை முறுக்கிக்கொண்டு கீழ்ப்படிவரை வந்துவிட்டாள். அப்போது அவன் கை குழைந்தது. தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. மறுமுறை போனது. குளத்தின் விளிம்பில் கட்டிய பிடிசங்கிலி ஓரமாக நின்ற டேவி என்ற சுரங்க ஆள் மண்டியிட்டுக் கையை நீட்டினான். எட்டிவிடும் தூரம்தான்.

"ஆளுக்கு மூச்சு முட்டுது. நான் இழுத்துடறேன்."

"தொடாதே டேவி" என்றாள் யூனா. "தொட்டா அவ்வளவுதான், வெளியேத்திடுவாங்க. இன்னும் கொஞ்ச தூரம். இந்த ஒரு தடவை ஜெயிச்சுக்கட்டும்."

டேவி கையை மடக்கிக்கொண்டான். மற்றவர்கள் ஐவரைத் தாண்டி வந்து சுவரைத் தொட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கரையேறித் துடைத்துக்கொண்டார்கள். ஐவர் வரவில்லை. அவன் இருந்த இடத்தில் ஒரு ரொட்டி அளவுக்கு வெள்ளை நுரை நின்றது. பிறகுதான் எல்லோரும் குதித்துத் துழாவினார்கள். கழுத்தளவுத் தண்ணீர், நாலு பக்கமும் பாறை, ஒளிய இடமில்லை. கைக்கு நுரைதான் வந்தது. கையை எடுத்ததும் நுரை பழையபடி கூடிக்கொண்டது. பொழுது சாயும்போது ரீஸ்தான் முதலில் கவனித்தார். நுரை அசைந்திருந்தது. சுவரை நோக்கி, ஒரு நகக்கண் அளவு.

ஐவர் காணாமல் போகவில்லை, நீந்திக்கொண்டிருக்கிறான் என்பது அந்த வாரத்திற்குள் எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. எப்போதுமே மெதுவானவன், இப்போது இன்னும் மெதுவாகிவிட்டான், அதுதான் வித்தியாசம். ஈஸ்டர் சமயத்தில் நுரைக்குள் முழங்கையின் வடிவம் எழும், கிறிஸ்துமஸுக்குள் கை முன்னால் விழுந்து முடியும். ஒரு கை வீச்சுக்கு ஒரு வருடம். ஆள் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது எதைத் தேடுவது என்று போலீஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பாதிரியார் அடக்கப் பிரார்த்தனை சொல்ல முடியாது என்றார், நோயாளிகளுக்கான பிரார்த்தனையில் ஐவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். இறந்தவனின் மனைவிக்கான உதவி இறந்தவனின் மனைவிக்குத்தான் என்று கைவிரித்தது சுரங்கம். யூனா கறுப்பு உடுத்தவில்லை. குளத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். பெண்கள் உடைமாற்றும் கொட்டகையில் துண்டும் நீச்சலுடையும் வாடகைக்குக் கொடுப்பது, வெள்ளைக் கொடி ஏற்றுவது, இறக்குவது. தண்ணீரில் மட்டும் கால் வைக்கவில்லை. ஊர் அதற்கு ஆயிரம் காரணம் சொன்னது, ஊர் வாயை மூட உலைமூடி ஏது. உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நீண்டுவந்த ஒரு கையை மடக்க வைத்தது அவளுடைய வாய். அந்த வாயோடு எப்படி அந்தத் தண்ணீருக்குள் இறங்குவது என்பதுதான்.

டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. டில்லி என்று பெயர். குழந்தையைக் குளத்தோரம் தூக்கி வந்து நுரைக்குக் காட்டினாள். நுரை தன்பாட்டில் இருந்தது.

குளத்தைக் காலி செய்வது நின்றுபோனது. போட்டி நடக்கும்போது தண்ணீரைத் திறந்துவிடுவது எப்படி? பாசி படிந்தது, ஆட்கள் வழுக்கி விழுந்தார்கள், நண்டுகள் குடும்பம் நடத்தின. புதிதாக வந்த நகரசபைத் தலைவர் ஒருவருக்கு இது சகிக்கவில்லை. வெளியூர்க்காரர், ஊர் நடப்பு தெரியாதவர். 1929இல் ஒரு வியாழக்கிழமை ஆள் அனுப்பி மதகைத் திறக்கச் சொல்லிவிட்டார். தண்ணீர் கடலை நோக்கி ஓடியது, நுரையும் கூடவே பின்னால் இழுபட்டது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் அவன் நீந்திக் கடந்த தூரமெல்லாம் கொஞ்ச நேரத்தில் போயிற்று. யூனா கொட்டகையிலிருந்து ஓடி வந்து மதகின் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். இறங்கச் சொன்னவர்களைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தைகள் அச்சில் ஏற்றக்கூடியவை அல்ல. மதகு மூடப்பட்டது. அன்று மாலை அவள் நுரையோரம் குனிந்து, "கோச்சுக்காத ஐவர், மறுபடியும் மொதல்லேர்ந்து வா" என்று சொல்லி அழுததை டில்லி பார்த்தாள். அம்மா அழுது அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

காலம் போயிற்று. சுரங்கம் மூடியது, திறந்தது, மறுபடியும் மூடியது. வேலையில்லாதவர்கள் கடற்கரையில் சாக்குக் கூடாரம் போட்டிருந்த வருடங்களில் ஷீஹன் ஞாயிறுதோறும் எடுத்து வைத்த பரிசுத்தொடை மாலையில் அவர்களுக்கு சூப்பாகப் போயிற்று. ஜெயித்தவன் வந்து கேட்டால் புதிதாக ஒன்று வெட்டிக் கொடுத்துவிடலாம் என்றார். கொடிகள் ஒழிந்தன, ஆணும் பெண்ணும் சேர்ந்தே குளித்தார்கள், பாதிரியார் மட்டும் கொஞ்ச நாள் வேறு வழியாக நடந்தார். யுத்தம் வந்தபோது ஜப்பான்காரர்களுக்கு எதிராகக் கரை நெடுக முள்கம்பி கட்டினார்கள். யூனா கம்பிக்கு வெளியே நின்று நுரையைப் பார்த்துவிட்டுப் போவாள். காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு ஐவரைப் பற்றி முதலிலேயே சொல்லி வைத்திருந்தார்கள், அவன் சுடவில்லை. டேவி சுரங்கக் கூரை சரிந்து செத்தான். சாகும்வரை அவன் யூனாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. குற்றம் அவனுடையது இல்லை என்று அவளும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது அவனுடைய அடக்கத்துக்குப் பிறகுதான்.

டில்லி வளர்ந்து ஆளானாள். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நடை. தபால் ஆபீஸில் வேலை. பிறந்தநாள்தோறும் குளத்துக்கு வந்து, "நான் உங்களை நெருங்கிட்டே இருக்கேன்" என்று நுரையிடம் சொல்லிவிட்டுப் போவாள். வயதைத்தான் சொன்னாள்.

1955இல் நுரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் கை நீட்டும் இடைவெளிதான் பாக்கி. அந்த வருடம் ஈஸ்டருக்கு முழங்கை எழவில்லை. மே மாதப் புயல் கடல்பக்கத்துச் சுவரில் ஒரு வாய் திறந்துவிட்டுப் போனது, அதற்குப் பிறகு நுரை ஒரு நகக்கண்கூட அசையவில்லை. ஓரங்களில் மெலியவும் தொடங்கியது. நகரசபை குளத்தைக் கல்லைப் போட்டு மூடிவிட்டு, சாலையோரம் குழாய்த் தண்ணீரும் குளோரினும் கொண்ட புதுக் குளம் கட்டத் தீர்மானித்தது. கோடை தொடங்குமுன் லாரிகள் வரும் என்று பேச்சு.

ரீஸுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. கண் சரியில்லை. தெற்குப் படிக்கட்டில் யூனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவன் ஏன் நின்னுட்டான்னு எனக்குத் தெரியும் யூனா. மெதுவா நீந்துறவன் சுவரைப் பாத்து நீந்துறதில்ல. பின்னாடி வர்றவன் கை தண்ணியில விழற சத்தத்தைக் கேட்டுத்தான் நீந்துவான். இப்ப அவனுக்குப் பின்னாடி யாரு இருக்கா? எல்லாரும் எப்பவோ வீட்டுக்குப் போயாச்சு."

"அப்ப யாரையாவது விடுங்க."

"இப்ப இருக்கற பசங்களை விட்டா ஒரே மூச்சுல தாண்டிப் போயிடுவானுங்க. அவனைத் தாண்டிப் போன ஆளுங்க பத்தாதா? கூடவே வர்ற ஆள் வேணும். ரொம்ப ரொம்ப மெதுவா நீந்துற ஆள்."

"எனக்கு நீச்சலே தெரியாது ரீஸ்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

யூனா அவரைத் திட்டினாள். கிழவனுக்குக் குளிர் மூளைக்கு ஏறிவிட்டது என்றாள். மறுநாள் காலை வாடகை நீச்சலுடைகளில் தனக்குப் பொருந்துவது ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு வயது. டில்லிதான் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் முழங்கால் நனைந்ததும் யூனா உறைந்து நின்றுவிட்டாள். "அம்மா, அவரு ஒண்ணும் கடிக்கமாட்டாரு" என்றாள் டில்லி. கற்றுக்கொண்டாள் என்று சொல்வது கொஞ்சம் மிகை. மூழ்காமல் இருக்கப் பழகினாள், அதுவும் தண்ணீரைக் கண்டபடி திட்டிக்கொண்டே.

செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு. ஊரே படிக்கட்டில் நின்றது. ஷீஹனின் மகன் ஆட்டுத்தொடையைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். நீலத் துண்டை டில்லி வைத்திருந்தாள், நடுவில் இழை விட்டு வெளுத்துப் போன அதே துண்டு. ரீஸ் வடக்குச் சுவரில் நின்று, மங்கிய கண்களால் நுரை இருந்த திசையைப் பார்த்து, உதட்டுக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். எல்லோரும் பொறுமை இழந்தார்கள். அவர் மட்டும் அவசரப்படவில்லை. "யூனா, போ" என்றார் கடைசியாக.

அவள் குதிக்கவில்லை, ஏணி வழியாக இறங்கினாள். குளிர் நெஞ்சைப் பிடித்தது. கை போட்டாள். கை தண்ணீரில் விழும் சத்தம் குளம் முழுவதும் கேட்டது, அத்தனை மோசமான நீச்சல். பாதியில் வாய்க்குள் உப்பு போய் நின்று தடுமாறினாள். கரையிலிருந்து ஒரு பையன் குனிந்து கையை நீட்டினான்.

"தொடாதே" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கண்ணீர் வந்தது, குளத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது. மறுபடி கை போட்டாள். நுரையை நெருங்கியபோது படிக்கட்டில் பேச்சு அடங்கியது. நுரைக்குள்ளிருந்து ஒரு முழங்கை எழுந்தது. அதற்கு ஈஸ்டர் தேவைப்படவில்லை, கிறிஸ்துமஸும் தேவைப்படவில்லை. ஒரு மனிதக் கை எவ்வளவு வேகத்தில் விழுமோ அவ்வளவு வேகத்தில் விழுந்தது. அவள் பக்கத்தில் கறுப்பு நீச்சலுடையில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு நீந்தினான். அவள் அவனைத் தாண்டவில்லை. இரண்டு கைகளும் சுவரில் விழுந்த சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது என்று அன்று அங்கிருந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ரீஸ் வடக்குச் சுவரிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஐவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். முப்பத்தொரு வயது, மீசையில் தண்ணீர். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கிழவியை மரியாதையோடு பார்த்தான்.

"என்னை யாரும் தொடலயேங்க?"

"இல்ல" என்றாள் யூனா. "யாருமே தொடல."

"அப்ப செல்லும்" என்றான். பிறகு படிக்கட்டைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. நீலத் துண்டோடு டில்லி நின்றிருந்தாள். "யூன், பாத்தியா? ஜெயிச்சுட்டேன்ல?" என்றான் அவளிடம்.

யூனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிடத்தில் அவளுக்கு அந்த முப்பத்திரண்டு வருடமும் ஒருசேர வலித்தது. டில்லி கடைசிப் படிவரை இறங்கி வந்து, துண்டை அவனிடம் கொடுக்காமல் அம்மாவின் கையில் கொடுத்தாள். "நீயே துடை" என்றாள்.

யூனா துண்டை வாங்கி அவனுடைய காதுக்குப் பின்னால் துடைத்தாள். முதலில் வலது காது, பிறகு இடது. அவன் அசையாமல் நின்றான். அவள் கையைப் பிடித்து நிறுத்தி, முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

"யூன்" என்றான். "நீ எதுக்குத் தண்ணியில எறங்கின? உனக்குத்தான் நீச்சல் தெரியாதே."

வீட்டுக்குப் போனார்கள். ஆட்டுத்தொடையைப் புதினா அரைத்து ஊற்றிச் சாப்பிட்டார்கள். பழகிக்கொள்ள ஊருக்கு ஒரு மாதம் ஆயிற்று. அப்பாவும் மகளும் ஒரே வயதில் தெருவில் நடப்பதை வெளியூர்க்காரர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள். டில்லி அவனைப் பெயர் சொல்லியே அழைத்தாள், அப்பா என்ற வார்த்தை கடைசிவரை வாயில் வரவில்லை, அது அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூடும் தீர்மானத்தை நகரசபை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது, அந்தப் பேச்சு இன்னும் அடுத்த கூட்டத்திலேயே இருக்கிறது. ஐவரின் நெஞ்சிலிருந்த கரித்தூசி மட்டும் எதையும் மறக்கவில்லை. 1923இல் விட்ட இடத்திலிருந்து அது வேலையைத் தொடர்ந்தது. இரண்டு குளிர்காலம் அவளுக்குக் கிடைத்தது. "டேவி கையை மடக்க வச்சது நான்தான் ஐவர்" என்று ஒருநாள் சொன்னாள். "கேட்டுச்சு" என்றான் அவன். "தண்ணிக்குள்ள நல்லாவே கேக்கும்." சொல்லிவிட்டு அவளுடைய தட்டில் இருந்த உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றான்.

மூன்றாவது குளிர்காலத்தில், ஒரு புதன்கிழமை பிற்பகல், படுக்கையில் அவனுக்கு மூச்சு முட்டியது. யூனா கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். விரல்கள் தளர்ந்த பிறகும் விடவில்லை, டில்லி வந்து மெல்லப் பிரிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வியாழன். போட்டி முடிந்ததிலிருந்து எல்லா வியாழனும் போல, ஓதம் வற்றியதும் மதகைத் திறந்து குளத்தைக் காலியாக்கி, பாசியைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசினார்கள்.